காணாமற்போன பிள்ளைகளும் ஆறாத் துயரும்
‘சுழல்’ தொடரை முன்வைத்து ஒரு திறனாய்வு

திரைக்கதைகளைத் திறனாய்வு செய்வது இறையியல் ஏட்டின் வேலையா என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அக்கேள்விக்குச் சபை மக்களின் அன்றாட வாழ்வே விடை கூறும். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைப் பகுதியில், இரவுப் பணி முடித்துத் திரும்பும் இளைஞரும் பெண்களும் மாத்தூரிலும் வல்லத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் வாடகை அறைகளில் படுத்தபடி கைப்பேசியில் தொடர்கதைகளைப் பார்க்கின்றனர். சாவு, பழி, நீதி, ஆறுதல் ஆகியவை பற்றி நாம் ஞாயிறு காலையில் இருபது நிமிடம் பேசுகிறோம். அதே பொருள்களைப் பற்றி அத்தொடர்கள் வாரம் முழுவதும் அவர்களோடு பேசுகின்றன. எனவே அவை என்ன பேசுகின்றன என்பதை அறிந்துகொள்வது ஆயர் பணியின் ஒரு கூறேயாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் தளத்தில் வெளிவந்த ‘சுழல்’ என்னும் எட்டுப் பகுதித் தொடர். இதனை உருவாக்கி எழுதியவர்கள் புஷ்கர், காயத்ரி இணையர். இயக்கியவர்கள் ‘குற்றம் கடிதல்’ தந்த பிரம்மாவும் ‘கிருமி’ தந்த அனுசரணும். 2025 பிப்ரவரியில் இதன் இரண்டாம் பருவமும் வெளிவந்தது. அது வேறோர் ஊரில் நிகழும் வேறொரு கதை. நம் ஆய்வு முதற் பருவத்தைப் பற்றியதே. கதையின் முடிவைத் தொடாமல் அதன் இறையியலைப் பேச இயலாது. ஆதலால் தொடரை இனிமேல் காண விரும்புவோர் இக்கட்டுரையைப் பின்னர்ப் படிக்கலாம்.

1. கதையும் களமும்

சாம்பலூர் என்பது கற்பனை ஊர். பெயரைக் கேட்டவுடன், இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்த யோபுவின் உருவம் நம் நினைவில் எழுகிறது. அவ்வூரின் பிழைப்பு ஒரு சிமெண்ட் ஆலையை நம்பியிருக்கிறது. ஆலையில் வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சண்முகம் (பார்த்திபன்) முன்னின்று போராடுகிறார். ஒரே இரவில் இரண்டு காரியங்கள் நிகழ்கின்றன: ஆலை தீப்பற்றி எரிகிறது; சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். தீ வைத்தவர் சண்முகமே என்று ஐயுறும் காவல் ஆய்வாளர் ரெஜினா தாமஸ் (ஸ்ரேயா ரெட்டி), அவரைப் பிடிப்பதில் கண்ணாயிருக்கிறார். உதவி ஆய்வாளர் சக்கரை (கதிர்) சிறுமியைத் தேடுகிறார். மூத்த மகள் நந்தினி (ஐசுவர்யா ராஜேஷ்) வெளியூரிலிருந்து வீடு திரும்புகிறாள். அவள் திரும்பும்போதே, பேசப்படாத பழைய காயம் ஒன்றும் அவளோடு வீட்டுக்குள் நுழைகிறது.

ஊரில் அவ்வேளை மயானக் கொள்ளைத் திருவிழா. வட தமிழகத்தின் அங்காளம்மன் கோயில்களில், மாசி அமாவாசையை ஒட்டி, மகா சிவராத்திரிக்குப் பின் நிகழும் இவ்விழாவை காஞ்சிபுரம், விழுப்புரம், வேலூர் பகுதிகளில் பணிபுரியும் நம் ஊழியர் நன்கறிவர். விழாவின் நாள்களோடு கதையின் நாள்களும் பின்னிச் செல்கின்றன.

2. தொடரின் வலிமை

தொடரின் முதற் சிறப்பு, துயரம் பகையைக் கடப்பதைக் காட்டும் விதம். சண்முகத்தை வேட்டையாடும் ரெஜினாவுக்கும் ஒரு மகன் உண்டு, பெயர் அதிசயம். நிலா சென்ற வழியே அவனும் சென்றிருக்கிறான் என்பது பின்னர்த் தெரிகிறது. அதுவரை அதிகாரியாக நின்றவர் அந்நொடியிலிருந்து தாயாகிறார். விசாரிக்கும் மேசையின் இருபுறமும் இருந்தவர்கள் ஒரே வாசலில் நின்று பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றனர். பிள்ளைகளோ உயிருடன் திரும்பவில்லை. ஆலைக்கும் சங்கத்துக்கும் இடையே, சட்டத்துக்கும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் இடையே இருந்த சுவரைத் துயரம் ஒருகணம் தகர்ப்பதை இத்தொடர் மிகையின்றிக் காட்டுகிறது.

இரண்டாம் சிறப்பு, இதனினும் பெரியது. காணாமற்போன பிள்ளையைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் ஒரு கொடியவனைத் தேடுகின்றன. 2018இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற ராம்குமாரின் ‘ராட்சசன்’ இவ்வகையது. அதில் பள்ளிச் சிறுமியரைக் கொல்பவன் மனித இயல்பு திரிந்த ஒருவன். தலைப்பே அவனை நம்மினின்று பிரித்து வைத்துவிடுகிறது. அவன் வீழ்ந்ததும் நாம் நிம்மதியாக வீடு திரும்பலாம். ‘சுழல்’ அந்த நிம்மதியை மறுக்கிறது. ஆலை முதலாளி, ஊர்ப் பகைவர், விழாக் கூட்டத்தின் அந்நியர் எனப் பலர்மீதும் நம் ஐயத்தைத் திருப்பிவிட்டு, ஈற்றில் தீமை வீட்டுக்குள்ளேயே, உறவு என்னும் பெயரில், பல்லாண்டுகளாகக் குடியிருந்ததை வெளிப்படுத்துகிறது. நந்தினி சிறுமியாக இருந்தபோது அவளைச் சீரழித்த அதே கை, தங்கை மீதும் நீண்டிருக்கிறது. மூத்தவளின் மௌனம் இளையவளைக் காக்கவில்லை.

இது புனைவின் மிகை அன்று. சிறார் மீதான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்வோர் சிறாருக்கு அறிமுகமானவரே என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. இவ்வுண்மையைக் குடும்பங்கள் விரும்பிப் பார்க்கும் தொடர் ஒன்று எடுத்துச் சொன்னதற்காக அதன் படைப்பாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

3. தொழிற்பேட்டையில் நின்று காணும்போது

சாம்பலூர் கற்பனை ஊராயினும், திருப்பெரும்புதூர்ப் பகுதியில் வாழ்வோருக்கு அது அயலூர் அன்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர் இப்பகுதியின் வயல்களும் ஏரிக்கரைகளும் உருமாறின. ஒரு நிறுவனத்தை நம்பி ஊர் வாழ்வதன் பொருளை 2006இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலை கற்பித்தது. 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் நடைபெற்ற சாம்சங் தொழிலாளர் போராட்டமோ, சங்கத்தை ஏற்பிப்பதே எத்துணைப் பெரும் உழைப்பு என்பதைக் காட்டிற்று. அச்சங்கம் 2025 சனவரியில் பதிவு பெற்றது. ஆலை, சங்கம், வேலைநிறுத்தம் என்னும் சொற்கள் இம்மக்களுக்குத் திரைப் பின்னணி அல்ல.

‘காணாமற்போதல்’ என்னும் அச்சத்தையும் இப்பகுதி அறியும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானதால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலரைப் பற்றிய செய்தி உடன் தங்கியிருந்தோருக்குக் கிடைக்கவில்லை. இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவியது. பெண்கள் பெருந்திரளாக வந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். எவரும் இறக்கவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அப்பெண்களைச் சாலைக்குக் கொணர்ந்தது உணவைப் பற்றிய சினம் மட்டுமன்று. ‘அவள் எங்கே?’ என்ற கேள்விக்கு விடையளிக்க ஒருவரும் இல்லாமையும் அவர்களை எழுப்பிற்று. ஏதேன் தோட்டத்துக்கு வெளியே கடவுள் காயீனிடம் கேட்ட கேள்வியும் இதுவே. தூரத்து மாவட்டங்களில், தொலைபேசி மணியை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் பெற்றோரின் உள்ளத்தில் அக்கேள்வி நாள்தோறும் ஒலிக்கிறது.

இந்நிலத்தில் நின்று பார்க்கும்போதுதான் தொடரின் குறைகளும் புலப்படுகின்றன.

4. தொடரின் குறைகள்

முதலாவது, புதிரும் துயரமும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன; பெரும்பாலும் புதிரே வெல்கிறது. திகில் கதைக்கு ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும் ஒரு திருப்பம் வேண்டும். துயரத்துக்கோ திருப்பங்கள் இல்லை. அது அதே நாற்காலியில், அதே வாசலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும். சண்முகமும் ரெஜினாவும் அழுவதற்குத் தொடர் நேரம் தருகிறது. அழுதுகொண்டே வாழ்வதற்கு நேரம் தரவில்லை. அடுத்த தடயம் அவர்களை எழுப்பிவிடுகிறது.

இரண்டாவது, தொழிலாளரின் வழக்கு. கதை தொடங்கும்போது ஊர் முழுவதையும் தாங்கி நிற்கும் கேள்வி அது. பிள்ளைகளைத் தேடும் கதை வலுப்பெற்றதும் அது பின்னணிக்குத் தள்ளப்படுகிறது. தனி மனிதன் ஒருவனின் கொடுமை வெளிப்பட்டவுடன், அமைப்பின் கொடுமையைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை என்பது போன்ற உணர்வு பார்வையாளரிடம் எஞ்சுகிறது. ஒருவன் பாவியென்று கண்டுபிடிக்கப்பட்டால் ஏனையோர் நீதிமான்களாகிவிடுவதில்லை. தனியாளின் பாவத்தையும் கட்டமைப்பின் பாவத்தையும் ஒருங்கே காண்பதற்கு எரேமியாவும் ஆமோசும் கற்றிருந்தனர். இக்கதை பாதி வழியே கற்றிருக்கிறது.

மூன்றாவது, திருவிழா. சுடுகாட்டையே தன் களமாகக் கொண்டு, சாவை மறைக்காமல் எதிர்கொள்ளும் வழிபாடு மயானக் கொள்ளை. அதனை நம்புவோர் தம் இறந்தோரை நினைந்து சுடலைக்குச் செல்வதில் ஆழ்ந்த மானுடப் பொருள் உண்டு. தொடரோ வண்ணம் பூசிய முகங்களையும் பறையொலியையும் அச்சமூட்டும் சூழலுக்காகவே மிகுதியும் பயன்படுத்துகிறது. துயருற்ற பெற்றோருக்கு அவ்விழா ஏதேனும் கூறுகிறதா என்ற வினாவை அது போதிய அளவு கேட்கவில்லை. பிற சமயத்தாரின் வழிபாட்டை வெறும் காட்சியாக்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பதை நாமும் நினைவில் கொள்ளல் நலம்.

நான்காவது, முடிவு. நந்தினி தன் கையாலேயே தீர்ப்பை நிறைவேற்றுகிறாள். இங்கே நாம் அவசரப்பட்டுப் பேசலாகாது. வாழ்நாள் முழுவதும் வாய் அடைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, ‘பழிவாங்குதல் கர்த்தருக்குரியது’ என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்வது எளிது. அவளுக்காக எந்த நீதிமன்றத்தின் வாசலிலும் நாம் நின்றதில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. துப்பாக்கி வெடித்ததும் கதை முடிகிறது. பார்வையாளரின் நெஞ்சு இலேசாகிறது. நந்தினியின் நெஞ்சு இலேசாயிற்றா? அவள் சிறைக்குச் செல்கிறாள். நிலா திரும்பவில்லை. குற்றவாளியின் சாவு துயரத்தின் முடிவு என்று நம்பவைப்பது, துயருற்றோருக்குச் சொல்லப்படும் பொய்களுள் ஒன்று. 2023இல் சு. அருண் குமார் இயக்கிய ‘சித்தா’ இவ்விடத்தில் ஒருபடி முன்செல்கிறது. பழிதீர்ப்பதற்கு ஓடும் ஆண்களின் சினத்தைவிட, காயமுற்ற குழந்தையின் அருகில் இருப்பதே முதற் கடமையன்றோ என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

5. திருமறையின் மூன்று துயரங்கள்

இனித் திருமறையிடம் செல்வோம். பிள்ளையை இழந்தோரைப் பற்றி அது பேசும் இடங்கள் பல. நம் பொருளுக்கு மூன்று போதும்.

முதலாவது யாக்கோபு (ஆதியாகமம் 37). இரத்தந்தோய்ந்த அங்கியைக் கண்டு அவன் ஆடையைக் கிழித்துக்கொள்கிறான். குமாரரும் குமாரத்திகளும் எழுந்து வந்து ஆறுதல் கூறுகின்றனர்; அவனோ ஆறுதலை ஏற்க மறுக்கிறான். ஆறுதல் சொல்ல வந்தவர்களுள் யோசேப்பை விற்றவர்களும் இருந்தனர் என்பதை நாம் பலமுறை வாசித்தும் கவனிப்பதில்லை. ஆறுதல் மறுத்த அம்முதியவனின் பிடிவாதத்தை அவிசுவாசம் என்று இழித்துரைக்கும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். உண்மை மறைக்கப்பட்டிருக்கும் வீட்டில் ஆறுதலை மறுப்பதே நேர்மையான செயல் என்று நாம் கருதுகிறோம். ‘சுழல்’ காட்டும் வீடும் அத்தகையதே.

இரண்டாவது தாமார் (2 சாமுவேல் 13). அவளைக் கெடுத்தவன் உடன்பிறப்பு முறையினன். அப்சலோம் அவளை மௌனமாயிருக்கச் சொல்கிறான். காரணமாக அவன் காட்டுவது உறவைத்தான். தாவீது செய்தி கேட்டுக் கடுங்கோபம் கொள்கிறான், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அப்சலோம் அம்னோனைக் கொல்லுகிறான். அப்பழியினால் தாமாருக்கு விளைந்த நன்மை யாதென்று நூல் கூறவில்லை. அவளைப் பற்றிப் பின்னர் ஏதும் கூறவேயில்லை. அரசன் தன் குமாரர்களுக்காக அழுகிறான். மகளுக்காக அழுததாக ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்கத் திருமறை அறிஞர் பிலிஸ் டிரிபிள் 1984இல் வெளியிட்ட நூலில் தாமாரையும் ஆகாரையும் யெப்தாவின் மகளையும் ஒருங்கே வைத்துப் பேசியபோது, இவ்வேடுகளை விரைந்து புரட்டும் நம் வழக்கத்தை உலுக்கினார். நந்தினி தாமாரின் தங்கை. அவளுக்குப் பேச ஒரு வாய் தரப்பட்டுள்ளது என்பதே வேறுபாடு. அவ்வகையில் தொடர், அரசவையின் வரலாற்றாசிரியன் செய்யாத ஒன்றைச் செய்திருக்கிறது.

மூன்றாவது ரிஸ்பாள் (2 சாமுவேல் 21). தன் இரு குமாரரின் உடல்களைப் பறவைகளும் விலங்குகளும் தீண்டாதபடி, அறுப்புக் காலத் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை, பாறையின்மேல் இரட்டு விரித்துக் காவலிருக்கிறாள். அவள் எவரையும் கொல்லவில்லை. எவரிடமும் முறையிட்டதாகவும் எழுதப்படவில்லை. நினைவை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தாள். செய்தி அரசன் காதுக்கு எட்டிற்று. எலும்புகள் சேர்க்கப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன. காவலிருந்த ஒரு தாயின் பிடிவாதம் அரசையே அசைத்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தம் பிள்ளைகளின் படங்களோடு சாலையோரத்தில் அமர்ந்த ஈழத்துத் தாய்மாரை ரிஸ்பாளின் மக்கள் என்னாமல் வேறென்ன சொல்வது? அவர்களுள் பலர் விடை கிடைக்காமலேயே மரித்துப்போயினர்.

பழிக்கும் மறதிக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டென்பதை ரிஸ்பாள் காட்டுகிறாள். திகில் கதை காட்டத் தவறுவதும் அவ்வழியையே.

6. நம்முடைய மௌனம்

தொடரின் குறையைச் சொல்லிவிட்டு நம் குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

ஒரகடத்தை அடுத்த சபை ஒன்றுக்கு நம் மாணவருடன் வார இறுதிப் பணிக்காகச் சென்று வந்த நாள்களில், தென் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறிய ஒரு குடும்பத்தை அறிந்தோம். தந்தை ஒப்பந்தத் தொழிலாளி. பன்னிரண்டு வயது மகன் ஒருநாள் மாலை கடைக்குச் சென்றவன் திரும்பவில்லை. சில மாதங்கள் ஞாயிறுதோறும் பரிந்து மன்றாட்டில் அவன் பெயரைச் சொன்னோம். பின்னர் நோயாளிகளின் பெயர்கள் வந்தன. தேர்வு எழுதுவோர் பெயர்கள் வந்தன. ஒரு ஞாயிறு அவன் பெயரைச் சொல்லாமல் விட்டோம். வேண்டுமென்றே விட்டோம் என்று சொல்ல முடியாது. நினைவின்றி விட்டோம் என்றும் சொல்ல முடியாது. ஆராதனை முடிந்ததும் அத்தாய் வாசலில் காத்திருந்து கேட்டார்: “ஐயா, இன்னைக்கு அவன் பேர விட்டுட்டீங்களே, ஏதாச்சும் தகவல் வந்துச்சா?”

அக்கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. அவர் கண்களில் கோபம் இல்லை; நம்பிக்கையே இருந்தது. பெயர் விடப்பட்டதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு, நாம் கையாளும் வழிபாட்டு முறைநூலைப் புரட்டினோம். அடக்க ஆராதனைக்கு ஒழுங்கு உண்டு, நோயுற்றோருக்கு உண்டு, கடற்பயணம் செய்வோருக்கும் உண்டு. காணாமற்போனோருக்கு ஒன்றும் இல்லை. செத்தார் என்று அழவும் முடியாமல், இருக்கிறார் என்று மகிழவும் முடியாமல் வாழும் இந்நிலைக்கு அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்னும் பொருளில் ஒரு பெயர் இட்டார். 1999இல் அப்பெயரிலேயே நூலும் எழுதினார். இத்துயரத்துக்கு முடிவு கட்டும்படி துயருற்றோரை நெருக்கக்கூடாது என்பது அவர் கற்பித்தவற்றுள் தலையாயது. ‘தேவ சித்தம்’ என்று நாம் சொல்லும் ஆறுதல், பெரும்பாலும் நம் களைப்பை மறைக்கும் போர்வையே. தமிழ் மரபு இழப்பைப் பாடுவதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது. நம் பெண்கள் ஒப்பாரி அறிவர். திருமறையிலோ புலம்பல் என்று ஒரு நூலே உண்டு. இத்துணைச் செல்வம் இருந்தும் நம் ஆராதனை அழக் கற்கவில்லை.

செயலுக்குரிய சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையைக் காணவில்லை என்று பெற்றோர் வந்தால், ‘இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம்’ என்று கூறுவது தவறு. காணாமற்போன சிறார் பற்றிய ஒவ்வொரு முறையீட்டையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் ஆணையிட்டது. இதனை அறிந்த ஆயர் பெற்றோருடன் காவல் நிலையம் வரை நடந்து செல்லலாம். சிறார் உதவிக்கு 1098 என்னும் எண் உண்டு. அதனை ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், சிறார் மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் அதனைத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது, தெரிவியாமை தண்டனைக்குரியது. ‘குடும்ப மானம்’ என்றும் ‘சபையின் பெயர்’ என்றும் சொல்லி மூடி மறைக்கும் போதகர் அப்சலோமின் அறிவுரையையே மீண்டும் கூறுகிறார். செய்தி கேட்டுச் சினந்து சும்மாயிருக்கும் குருசேகரம் தாவீதின் பிழையை மீண்டும் செய்கிறது. நம் ஞாயிறு பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஒரு பிள்ளை வாய் திறந்தால், அதனை நம்புவதற்கு ஒருவராவது இருக்கிறாரா என்பதை ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

‘சுழல்’ குறைகளுள்ள படைப்பு. ஆயினும் வீட்டுக்குள் இருக்கும் இருளை அது காட்டியது. காட்டிய பின் என்ன செய்வது என்பதை அது துப்பாக்கியிடம் விட்டது. அவ்வேலை துப்பாக்கிக்கு உரியதன்று. அது ரிஸ்பாளுக்கு உரியது, அவளோடு பாறைமேல் அமரும் சபைக்கு உரியது.

அடுத்த ஞாயிறு முதல் அச்சிறுவனின் பெயர் மன்றாட்டில் மீண்டும் இடம்பெற்றது. இன்றும் இடம்பெறுகிறது. அவன் திரும்பவில்லை. அந்தத் தாய், பெயர் வாசிக்கப்படும்போது தலைநிமிர்ந்து கேட்கிறார். பின்னர் மற்றவர்களின் பெயர்களுக்காகத் தலைகுனிந்து மன்றாடுகிறார்.